இரண்டும் ஓடும் நேரம்

அவள் பாயை விரித்தாள். மற்றவர்களின் பாய்கள் இன்றைக்கு ஓரடி பின்னால் விரிந்தன.

யோகா வகுப்புக்குப் பத்தொன்பது பேர். ஒருவர்கூட லீவு இல்லை. வேடிக்கை என்றால் மட்டும் எல்லோருக்கும் ஐந்தரைக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது.

எல்லாம் போன வியாழக்கிழமை பிராமரியில் வந்த வினை.

கண்ணை மூடி, காதைப் பொத்தி, மூச்சு தீரும்வரை வண்டு மாதிரி 'ம்' என்று இழுக்கிற பயிற்சி அது. பேசும்போது தூக்கிப் பிடித்துக்கொள்ளும் குரலை அதில் தூக்கிப் பிடிக்க முடியாது. அவளுக்கு அது தெரியும். மூன்று மாதமாகச் சன்னமாக முனகிச் சமாளித்து வந்தாள். அன்றைக்கென்று மூச்சு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. தன்னை மறந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து பழைய குரல் வந்தது. அவளை ஆண்பிள்ளை என்று வளர்த்த காலத்துக் குரல்.

காதைப் பொத்தியிருந்தவர்களுக்கும் கேட்டது. பத்தொன்பது பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

பிராமரியில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

டீச்சர் திருநங்கையாம். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. வாட்ஸப் இருக்கும்போது தண்டோரா எதற்கு.

இன்றைக்கு நலச் சங்கத்துச் செயலாளர் குழந்தைவேலு நேரில் வருகிறார். இந்தப் பூங்காவில் வகுப்பு இருக்குமா, இருக்காதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வேறு வேலை கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் இந்தக் கோயம்புத்தூரில் அவளை டீச்சர் என்று கூப்பிடும் இடம் இது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பயந்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். அவளுக்கு அடிவயிறு வரை போய்வந்தது.

அப்படியானால் பயம் ரொம்ப இல்லை.

குழந்தைவேலு வந்து நின்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்து யார்தான் நல்ல சேதி சொல்லியிருக்கிறார்கள். சங்கத்துப் படிவத்தில் ஆணா, பெண்ணா என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். இத்தனை நாள் பெண் என்று இருந்ததாம். இனி என்ன எழுதுவது என்று சிலர் கேட்கிறார்களாம்.

மரியாதையாகத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் சுருக்கென்றது.

பதில் சொல்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள் விரித்துக் கொடுத்த இன்னொரு பாயில் மெல்ல உட்கார்ந்தார்.

மூக்குக்குக் கீழே விரலை வைத்து, எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னாள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் நன்றாக ஓடும். அவருக்கு வலது. முன்வரிசையில் இருந்த மாவுக்கடை தெய்வாத்தாளுக்கு இடது.

பிறகு நாடிசுத்தி. இடதில் இழுத்து வலதில் விட வேண்டும். வலதில் இழுத்து இடதில் விட வேண்டும். அவள் எண்ணினாள். இருபது பேர் மூக்கைப் பிடித்தார்கள். பன்னிரண்டு சுற்று.

மறுபடி விரலை வைக்கச் சொன்னாள்.

ரெண்டும் ஓடுது டீச்சர் என்றாள் தெய்வாத்தாள். தொலைத்த கம்மல் கிடைத்த மாதிரி இருந்தது அவள் முகம்.

டீச்சர் என்றுதான் சொன்னாள்.

குழந்தைவேலு விரலை வலப்பக்கம் வைத்தார். இடப்பக்கம் வைத்தார். மறுபடி வலப்பக்கம். அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"வலது மூச்சு ஆம்பள, எடது மூச்சு பொம்பளைன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. ரெண்டும் சமமா ஓடோணும்னுதான் நாம இத்தன பேரும் காலங்காத்தால மூக்கப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறோம். அப்பறம் என்னைய மட்டும் எதுக்குங்க சார் பிரிச்சுப் பாக்கறீங்க? நான் பொண்ணுதானுங்க. மொதல்ல எழுதுனதே சரிதானுங்க."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

அடுத்து பிராமரி என்றாள்.

கண்ணை மூடினாள். காதைப் பொத்தினாள். இனி யார் எழுந்து போனாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

மூச்சை அடிவயிறு வரை இழுத்தாள். குரலைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கனமாக, முழுதாக, மூச்சு தீரும்வரை விட்டாள்.

தீர்ந்த பிறகும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு மூச்சு இழுத்து, அதையும் விட்டாள். மூன்றாவது மூச்சின் நடுவில் பொறுக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

இருபது பாயிலும் ஆள் இருந்தது.

கண்ணைத் திறந்திருந்தது அவள் ஒருத்திதான்.