கரண்ட் திருடன்

“அந்த வண்டியில கை வெக்காத சாய்!”

டூத் பிரஷ்ஷும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தான் கமலக்கண்ணன்.

மாடிவீட்டு சாய்குமார் அதற்குள் பேட்டரிக் கம்பியில் கரண்ட் அளக்கும் மீட்டரைக் கவ்வ விட்டிருந்தான். திறந்த பானெட்டுக்குள் அவனோடு சேர்ந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றாள் ஹரிதா. கமலக்கண்ணனின் மனைவி.

கமலக்கண்ணன் வாயிலிருந்த நுரையைத் துப்பினான்.

போன மாதம் வரை இந்த இருவருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. ஹரிதாவின் பழைய காரில் பேட்டரி இறங்கத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாம். காலையில் அவள் திருப்பதி ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். வண்டி செத்துக் கிடக்கும். சாய்குமார் தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, கேபிள் மாட்டி உயிர் கொடுப்பான். புதுப் பேட்டரி போட்டும் அதே கதை.

அந்தச் சில நிமிஷங்களுக்காக இப்போதெல்லாம் ஹரிதா பூ வைத்துக்கொண்டு வருகிறாள்.

தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் சாய்குமாருக்கு அக்கா. ஹரிதா மட்டும் மேடம். சித்தூரிலேயே இதைக் கவனித்த ஒரே ஆள் கமலக்கண்ணன்தான்.

“நீங்க தூங்கசொல்ல எவனோ கரண்ட்டைத் துன்னுகினு இருக்கான் மேடம். இன்னிக்கு அவனைப் புடிக்காம வுடமாட்டேன்,” என்றான் சாய்குமார்.

ஹரிதா சிரித்தாள். கல்யாணமான புதிதில் கமலக்கண்ணனுக்கு மட்டுமே கிடைத்த சிரிப்பு.

சாவி போடாத, விளக்கு எரியாத வண்டி. ஆனாலும் மீட்டரில் எண் காட்டிக்கொண்டிருந்தது. எதுவோ இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

“திருப்பதி மலையடிவாரத்துல, அலிபிரியில வாங்கி மாட்டினியே, அந்தச் சாமி வெளக்குதான்!” என்றான் கமலக்கண்ணன் அவசரமாக. “அதைக் கழட்டினா சரியாப் பூடும். நீ இன்னிக்கு பஸ்ல போ.”

“நல்லா இருக்குதுங்க. கடைசியில சாமி மேலயே திருட்டுப் பழியா?”

கழற்றினார்கள். எண் லேசாக இறங்கியதோடு சரி.

சாய்குமார் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பாட்டுப்பெட்டி. ஹாரன். உள்விளக்கு. மீட்டர் மசியவில்லை.

“பியூஸ் பக்கமே வராம நேரா இழுத்துகினு இருக்கான். டேஷ்போர்டுக்கு அடியில பாத்துட்றேன்.”

கமலக்கண்ணன் கார்க் கதவுக்குக் குறுக்கே போய் நின்றான்.

“போதும்பா! எங்கூட்டு வண்டிய நாங்க பாத்துக்கறோம். நீ மாடிக்குப் போ!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஹரிதாவின் முகம் சிவந்துவிட்டது. “ஒத்தாசைக்கு வந்த மனுஷன்கிட்ட ஏங்க இப்படி எரிஞ்சு வுழறீங்க? நவுருங்க.”

அவன் நகரவில்லை. அவள்தான் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

சாய்குமார் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். “டார்ச் அடிங்க மேடம்.”

அவளுடைய போன் உள்ளே சார்ஜில் இருந்தது. சட்டென்று கணவனின் சட்டைப்பையிலிருந்து அவனுடைய போனை உருவி, விளக்கைப் போட்டாள். பிடுங்கப் பாய்ந்த கையை அவள் கவனிக்கவே இல்லை.

“இங்க கீறான் பாருங்க திருடன்!”

கறுப்பு டேப் சுற்றிய சின்னப் பெட்டி. அதில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

“ஜிபிஎஸ் டிராக்கர் மேடம். நீங்க எங்க போறீங்க, எங்க நிக்கறீங்கன்னு எவனோ உக்காந்த எடத்துல பாத்துகினு கீறான்.”

ஹரிதாவின் விரல்கள் கணவனின் கையை இறுகப் பற்றின. பயத்தில், அவனைத்தான் பற்றினாள்.

சாய்குமார் ஒயரைப் பிடுங்கினான்.

அவளுடைய மற்றொரு கையிலிருந்த கமலக்கண்ணனின் போன் சங்கு ஊதியதுபோல் அலறியது.

ஹரிதா திரையைத் திருப்பினாள். எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள்.

“உங்கள் டிராக்கர் கழற்றப்பட்டது. வாகனம் இருக்கும் இடம்... வீடு.”