மாற்றுச் சாவி

மாலை வெயில் மாடிப்படியின் பாதிவரை ஏறி நிற்கிறது. ஒழுகும் குழாயைச் சரிசெய்ய ஸ்பேனருடன் வந்திருக்கும் வீட்டுக்காரம்மாள் இருமுறை தட்டிவிட்டு, பதில் இல்லாமையால், தம்மிடமுள்ள மாற்றுச் சாவியைப் பூட்டில் நுழைக்கிறார். அது நுழையவில்லை. பூட்டு புதியது, அதைச் சுற்றிப் பழைய சாயம் பெயர்ந்து, செதுக்கிய மரம் வெளுப்பாய்த் தெரிகிறது. உள்ளே காலடியோசை கதவருகே வந்து நின்றுவிடுகிறது.

“யாரு?”

“நான்தாம்மா. நான் கட்டின வீட்டு வாசல்லயே என்னைத் திருடி மாதிரி நிக்க வெச்சுட்டியே!”

தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன. குடியிருக்கும் பெண் வலக்கை மணிக்கட்டின் கன்றலை இடக்கையால் மூடியபடி நிற்கிறாள்.

“சொல்லாம மாத்தினது தப்புதான்க்கா. பழைய சாவி அவர்கிட்ட இருக்கு. போன வாரம் மறுபடியும் கை வெச்சுட்டாரு. போகச் சொல்லிட்டேன்.”

“அதான் உன் புருஷன் காலையில எங்கிட்ட வந்தானா? சாவி தொலைஞ்சுபோச்சு, உங்ககிட்ட இருக்கிறதைக் குடுங்கன்னான்.”

“குடுத்துட்டீங்களா?”

“தேடி வெக்கிறேன், நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன்.”

அவள் மூச்சு விடுகிறாள். பிறகு ஆணியில் தொங்கும் புதுச் சாவிகளுள் ஒன்றைக் கழற்றி நீட்டுகிறாள்.

“ஒப்பந்தப்படி ஒண்ணு உங்ககிட்ட இருக்கணுமேக்கா.”

பத்து வீடுகளின் சாவிகளையும் இடுப்பிலேயே வைத்திருக்கும் வீட்டுக்காரம்மாள், அவள் விரல்களைச் சாவியோடு சேர்த்து மடக்கிவிடுகிறார்.

“நீயே வெச்சுக்கோ. நாளைக்கு அவன் வந்து நிப்பான். எங்கிட்ட சாவி இல்லைன்னு அவன் முகத்தைப் பாத்துச் சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது.”