திரும்பி வராத மணி

"மறந்துட்டேன் சார்."

மச்சினன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்ததும் அத்தானுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மீட்டிங் ரூமில் இருந்தது நாலே பேர். சில்லு வாங்க வந்திருந்த டாக்டர், மானேஜர், கணக்கீட்டுப் பிரிவுக்குத் தலைவரான அத்தான், அவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த மனைவியின் தம்பி.

நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. அதற்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். மருந்து தடவிய பொடி மணிகள் அதில் ஊர்ந்து போக வேண்டும். சில்லைச் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள்.

டாக்டர் ஒன்றும் பிரமாதமாகக் கேட்டுவிடவில்லை.

"முன்னாடி ஓடினதை அப்படியே பின்னாடி ஓட்டிப் பாத்தீங்களா? இவ்வளவு சின்ன இடத்துல தண்ணிகூடத் தேன் மாதிரிதான் நகரும். பின்னாடி இழுத்தா ஒவ்வொரு மணியும் கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கணும். நிக்கலைன்னா கணக்குல எங்கயோ தப்பு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதல் வாரமே கற்றுக்கொள்கிற சோதனை அது. அதைப் போய் மறந்தானாம்!

"இதைக்கூடவா மறப்பே? தலைக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" டாக்டர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அத்தான் எகிறினார்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். "என் தப்புதான். ஒரு வாரம் டைம் கொடுங்க சார். சரியா முடிச்சுத் தரேன்."

டாக்டர் முகம் கொடுக்காமல் எழுந்து போனார்.

வெளியே வந்ததும் மானேஜர் அத்தானை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த மாசம் உங்க மச்சினன் வேலையை நிரந்தரம் பண்றதா இருந்தேன். இப்ப என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

அத்தானுக்கு அந்த நேரத்தில் தன் பேர்தான் பெரிதாகப் பட்டது. "உறவுன்னு பாக்காதீங்க சார். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாது. அனுப்பிடுங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிரக்கூடச் செய்தது. வீட்டில் மனைவி கேட்டால் என்ன சொல்வது? நியாயம்னா நியாயம், அதில் தம்பி என்ன, தங்கை என்ன!

அதே வேகத்தில் மச்சினன் இடத்துக்குப் போனார்.

"தள்ளு. நானே ஓட்டறேன்."

"வேணாம் அத்தான். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரிஞ்சுதே. எந்திரி!"

திரையில் மணிகள் ஊர்ந்து போயின. அத்தான் ஓட்டத்தைத் திருப்பினார். எல்லாம் சமர்த்தாக வந்த வழியே திரும்பின. சுவரை ஒட்டிப் போன மணி மட்டும் வேறெங்கோ போய் நின்றது.

"பாத்தியா! சுவர்கிட்ட இருக்கிற இடத்தைக் கட்டம் கட்டமா இன்னும் பொடிசாப் பிரிச்சுக் கணக்குப் போட்டிருக்கணும்."

"பிரிச்சுப் பாத்துட்டேன் அத்தான். போன வாரமே."

"போன வாரமா? அங்க மறந்துட்டேன்னு சொன்னே?"

மச்சினன் கீபோர்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா!"

"கட்டத்துல தப்பில்ல அத்தான். மணி சுவர்கிட்ட போனா அதைத் தள்ளிவிடற மாதிரி புரோகிராம்ல ஒரு வரி இருக்கு. போறப்பவும் சுவரை விட்டுத் தள்ளுது, வர்றப்பவும் தள்ளுது. அப்புறம் எப்படிக் கிளம்பின இடத்துக்கு வரும்?"

அத்தான் புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வரி யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம். அவர் எழுதியதுதான். சுவருக்கும் மணிக்கும் நடுவில் இடுக்கு சின்னதாக ஆக, கணக்கு பாதியிலேயே நின்று கழுத்தை அறுத்தது. இப்போதைக்கு ஒப்பேற்றுவோம், பிறகு எடுத்துவிடலாம் என்று செருகினார். எடுக்கவேயில்லை. அந்த புரோகிராமை வைத்துத்தான் தலைவராகவும் ஆனார்.

"ஏண்டா என்கிட்ட முதல்லயே சொல்லலை?"

"சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். அக்காகிட்ட அந்த புரோகிராமைப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசிக்கிட்டிருந்தீங்க. மனசு வரலை. சத்தமில்லாம நானே சரிபண்ணிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள டாக்டர் வந்துட்டார்."

அத்தான் எழுந்து போய் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவ எரிந்தது. இந்தப் பிள்ளையையா அனுப்பச் சொன்னோம்? சீ, நானும் ஒரு மனுஷனா? கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

நேராக மானேஜர் அறைக்குப் போனார்.

"சார், தப்பு என்னோடது. அந்த புரோகிராம்ல கோளாறு பண்ணினது நான். அவன் அதைக் கண்டுபிடிச்சும் என் மானத்தைக் காப்பாத்த வாயைத் திறக்கலை. அவனை அனுப்பாதீங்க."

மானேஜர் சிரித்தார். எழுந்து வந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பதான் உங்க மச்சினன் வந்துட்டுப் போனார். அவரை அனுப்பச் சொன்னது நீங்கதான்னுகூடச் சொல்லிட்டேன். அப்பவும் பாருங்க, 'கோவத்துல சொல்லியிருப்பார் சார், மனசு கேக்காது. பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு இப்ப வருவார், தயவுசெஞ்சு நம்பிடாதீங்க'ன்னு கெஞ்சிட்டுப் போறார். அடடா, உங்களை மாதிரி ஒரு உத்தமரை நான் பாத்ததே இல்ல சார்!"