இரண்டாவது கொடும்பாவி

அவன் தீக்குச்சியை உரசிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் பாய்ந்தாள். காக்கிச் சட்டையில் சுந்தரவல்லி என்று பெயர்ப்பட்டை. வைக்கோல் பொம்மையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

பழகிய ஆட்டம்தான். கொடும்பாவி எரிக்க மாட்டோம் என்று போலீஸ் எழுதி வாங்கிக்கொள்ளும். போராட்டம் நடத்துகிற இவர்களும் கூசாமல் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டு இரண்டு பொம்மை செய்வார்கள். முதல் பொம்மை போலீஸ் பிடுங்கிக்கொண்டு போவதற்கு. ஆட்டோவில் ஒளித்துவைத்த இரண்டாவது எரிப்பதற்கு. பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள்.

சுந்தரவல்லி வேலைக்குப் புதுசு போல. இரண்டாவதற்கும் பாய்ந்துவிட்டாள்.

பாய்ந்ததிலும் தப்பில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த வைக்கோல் மெதுவாகத்தான் பிடிக்கும். பிடுங்கி எறிய நேரம் இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

போன தடவை பொம்மை புகைந்ததோடு சரி. போலீஸ்காரர்களே சிரித்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போடுகிறார்கள். இங்கே ஒரு பொம்மையை எரிக்க நமக்குத் துப்பில்லையா என்று அவனுக்கு ஆத்திரம். இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் பெட்ரோல் ஊற்றிக் கொண்டுவந்திருந்தான்.

அது அவள் சட்டையெல்லாம் நனைத்திருந்தது.

குச்சியை ஊதி அணைக்கத் தலையைக் குனிந்தான்.

மணிக்கட்டில் லத்தி விழுந்தது. எலும்பு முறிந்தது அவனுக்கே கேட்டது. குச்சி நழுவியது.

பொம்மையும் அவளும் ஒன்றாகப் பற்றினார்கள்.

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தீயைப் பார்த்ததும் கோஷம் இன்னும் ஓங்கியது.

"எரிக்காதே, எரிக்காதே, பிள்ளைகளை எரிக்காதே."

அவள் சுற்றினாள். முடி எரிந்தது. பொம்மையை விடத் தெரியாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பொம்மையை உதைத்துத் தள்ளினான். பக்கத்தில் யாரோ பிடித்திருந்த துணிப் பேனரை ஒற்றைக் கையால் பிடுங்கி, அவள் மேல் போர்த்தி, அவளோடு தாரில் விழுந்தான்.

லத்திகள் வந்தன. முதுகில், விலாவில், பின்மண்டையில். பெண் போலீஸைப் போட்டு அமுக்குகிறான் என்று நினைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. காது கிழிந்தது. அவன் அசையவில்லை. துணிக்கு அடியில் தீ இன்னும் சுட்டது.

"அண்ணே, மூஞ்சி எரியுதுண்ணே" என்றாள் அவள், அடியிலிருந்து.

அப்புறம் அவள் பேசவில்லை.

அவளை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவனை வேனில் போட்டார்கள்.

வெளியே கூட்டம் அவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. தோழர் கபிலன் ஜன்னல் வலையில் செல்போனை ஒட்டிப் பிடித்தார். வீடியோ ஓடியது. லத்தி விழுகிறது. குச்சி விழுகிறது. தீ.

"தெளிவா இருக்கு தோழர். அடிச்சதுனாலதான் விழுந்துச்சு. நம்ம மேல தப்பே இல்ல. நீங்க வாயத் தொறக்காதீங்க."

வீடியோவில் இருந்தது எல்லாம் நிஜம். அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததே அசிங்கமாகவும் இருந்தது.

எதிர் பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவன் சின்ன வயசுக் கான்ஸ்டபிள். பெயர்ப்பட்டையில் முத்திருளன். லத்தியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டிருந்தான். அவனும் வீடியோவைப் பார்த்துவிட்டான்.

வேன் கிளம்பியது.

"என் அடிதான்" என்றான் முத்திருளன். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "நான் கையில அடிக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல? மண்ணெண்ணெய் இம்புட்டு வேகமா பிடிக்குமாடா? சொல்லுடா."

அவன் ஜன்னலைப் பார்த்தான். கூட்டம் பின்னாலேயே ஓடிவந்துகொண்டிருந்தது. அவன் பெயரைச் சொல்லி வாழ்க என்றது.

உடையாத கையை முத்திருளனின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"மோந்து பாருங்க சார்."