கை வைத்துச் சொன்னது

"நான் வரல சார். என்னை உட்டுடுங்க" என்று ராஜவேலு மூன்றாவது முறையாகச் சொன்னார்.

மனிதர் பிகு பண்ணுகிறார் என்றுதான் இன்ஜினியர் ஜெகநாதனுக்குத் தோன்றியது. காரைக்கால் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்திலிருந்து நாலு பஸ் மாறி ஆரணிக்கு வந்து சேர்ந்ததில் அவருக்கு இடுப்பே கழன்றுவிட்டது. போதாததற்கு, தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

"நாளன்னிக்கு விசாரணைங்க. அடியில துளை போடற கருவி அதிர்ந்து அதிர்ந்தே உடைஞ்சு போச்சு, அதிர்வைத் தாங்க நான் மாட்டின ஷாக் அப்சார்பர் தண்டம்னு எழுதப் போறாங்க. மூணு வருஷ உழைப்பு. அதையும் தூக்கிப் போட்டுட்டு என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."



ஒன்றரை மைல் ஆழத்தில் குழாய் எப்படி ஆடுகிறது என்று யார் போய்ப் பார்ப்பது? மேலே நின்று, குழாயை இறக்கும் இயந்திரத்தின் பிரேக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தே ராஜவேலு சொல்லிவிடுவார். சின்ன வயதில் பட்டு இழை பிடித்துப் பழகிய கை. பத்து வருஷமாகக் கம்பெனி அந்தக் கையை நம்பித்தான் கிணறு தோண்டியது.

அவர் மனைவி குணசுந்தரி டீ கொண்டுவந்தாள். டம்ளரைத் தொட்ட ஜெகநாதன் கையை உதறிக்கொண்டு, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தார். ராஜவேலு தன் டம்ளரை முழுக் கையால் பற்றியபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்ச அன்னிக்கு நீங்க கை வச்சுப் பார்த்து என்ன சொன்னீங்க? 'ஆட்டம் சுத்தமா நின்னுபோச்சு சார், வேகத்தைக் கூட்டலாம்'னு சொன்னீங்க. கூட்டினோம், ஒரு மணி நேரத்துல உடைஞ்சுது. ஆட்டம் நின்னுதுன்னா என் ஷாக் அப்சார்பர் வேலை செஞ்சிருக்கு, உடைஞ்சதுக்குக் காரணம் வேற. அந்த ஒரு வார்த்தையை அங்க வந்து சொல்லுங்க, போதும். உங்க கைய நம்பாதவன் அங்க ஒருத்தனும் இல்ல."

"ஏங்க, பாவம், போய் சொல்லிட்டுதான் வாங்களேன்" என்றாள் குணசுந்தரி. "ஒரு மாசமா லீவு போட்டுட்டு சும்மாதானே குந்திகினு கீறீங்க."

"என்ன கோபமோ எனக்குத் தெரியல. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றார் ஜெகநாதன். குரல் உடைந்துவிட்டது. இந்த வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போய் நிற்பது என்ற பயம் அது.

ராஜவேலுவுக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கே இந்தக் கையில உணர்ச்சி இல்ல சார்."