மேட்டுத் தெருவின் பூ நிபுணர்

அந்தப் பூவை அவர் மந்தாரை என்றாரா, மனோரஞ்சிதம் என்றாரா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மந்தாரை என்றே வைத்துக்கொள்வோம். எதுவானாலும் தவறாகத்தான் சொல்லியிருப்பார்.

வெளிநாட்டில் மகளோடு தங்கியிருந்த அவரும் மனைவியும் தினமும் மாலையில் மேட்டுத் தெருவில் நடப்பார்கள். இதய ஆபரேஷன் ஆனவர், நின்று நின்றுதான் ஏற வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. "நான் என்ன கிழவனா?" என்று விறுவிறுவென ஏறுவார்.

அன்று வேலிக்கு மேல் சிவப்பாய் ஏதோ தொங்கியது.

"என்னங்க, இது என்ன பூ?"

மூச்சு வாங்க நின்றார். "இதுகூடத் தெரியாதா? மந்தாரை! இந்த ஊர்த் தண்ணிக்குச் சிவந்துடுச்சு." விளக்கம் நீண்டது. மூச்சும் சீரானது.

அவர் முன்னே போனதும், கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண் கிசுகிசுத்தாள். "அக்கா, அது மந்தாரையே இல்ல. சார் நல்லா அடிச்சு விடுறார்."

"விடட்டும். நில்லுங்கன்னா நிக்கமாட்டார். பேசணும்னா நிப்பார்."

"நிஜப் பேர் என்னவாம்?"

"ஹெலிகோனியா. ரிட்டயர் ஆகற வரைக்கும் காலேஜ்ல தாவரவியல்தானே எடுத்தேன்."

"ஐயோ, சாருக்குத் தெரியாதா?"

"காலேஜுக்குப் போயிட்டிருந்தேன்னு தெரியும். என்ன பாடம்னு இன்னும் கேக்கலை."

அவருடைய இதயம் இப்போது நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் எல்லாப் பூக்களின் சரியான பெயரையும் கற்றுக்கொண்டாள். மனைவிக்கு அவர் இன்னும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.