பதில் போட வேண்டாம்

எழில்மொழி தன் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கிவிட்டாள்.

முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்கள் போனைப் பார்ப்பதும் திரும்பி இவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வீடியோவின் சத்தம் அவளுக்கு மனப்பாடம்.

கும்பகோணத்தில் அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியின் வார்டு. கட்டிலில் மூச்சுக்குத் திணறும் பெரியவர் மீரா உசேன். பக்கத்தில் சீருடையில் ஒரு நர்ஸ், காதில் போன்.

அவ்வளவுதான் வீடியோ. அந்த நர்ஸ் எழில்மொழி.

ஆக்சிஜன் வைத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, டாக்டர் பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தார். அதெல்லாம் வீடியோவில் இல்லை.

எடுத்தவர் பெரியவரின் மருமகன். அதை ஃபேஸ்புக்கில் போட்டது சென்னையில் கடை வைத்திருக்கும் மகன் சுஹைப், அடக்கம் முடிந்த மறுநாள். ‘எங்க அத்தா உசுருக்குப் போராடுறாங்க. நர்ஸுக்குப் போன்ல அரட்டை.’

யாரோ சீருடையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். சுஹைப் அதையும் பதிவில் சேர்த்துக்கொண்டான்.

சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தது. அதன் ஓரமாகவே நடந்தாள். நாலு எட்டு வைப்பதும், நின்று போனைப் பார்ப்பதும், மறுபடி நடப்பதும்.

கொன்றதே இவள்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘இது எங்க ஊர்ப் பொண்ணுதான், குடவாசல் பக்கம்’ என்று இன்னொருவர், தெருப் பெயரோடு.

காலையில் நர்சிங் சூப்பிரண்டெண்ட் கமலாம்பாள் கூப்பிட்டனுப்பினார். எழில்மொழி நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டார். நம்பவும் நம்பினார்.

"ஆனா நீங்க பதில்னு ஒண்ணும் போடக் கூடாதும்மா. உங்க பக்கம் நியாயமே இருக்கட்டும். பேஷண்ட் விஷயம் ஒரு வார்த்த வெளில போச்சுன்னா, அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

விசாரணை முடியும்வரை லீவில் இருக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது கணவன் புகழேந்தியிடமிருந்து மெசேஜ். ‘என்ன நடந்துச்சுன்னு எழுதிப் போடு. எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற. ஊர்ல தல காட்ட முடியல.’

சுஹைப்பின் பதிவுக்குக் கீழே விரலை வைத்தாள். ‘நான் யாரிடம் பேசப் பார்த்தேன் தெரியுமா?’ என்று அடித்தாள். அழித்தாள். திரும்பவும் அடித்தாள்.

இன்னும் ஒரு வரி எழுதினால் போதும். இத்தனை பேரும் சுஹைப் மேல் திரும்பிவிடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆதாரமும் அதே போனில்தான் இருந்தது.

அடித்ததை அழிக்கும்போது போன் அதிர்ந்தது.

பெயர் வரவில்லை, எண் மட்டும் வந்தது. ஆனால் அது யாருடைய எண் என்று அவளுக்குத் தெரியும். கட்டை விரல் சிவப்புப் பொத்தானின் மேல் நின்றது. பிறகு போனை எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க இது? எங்க அத்தா மவுத்தான அன்னிக்கு இந்த நம்பர்லேர்ந்து ரெண்டு மூணு தடவ போன் வந்திருக்கு. தெரியாத நம்பரா இருக்கேன்னு கட் பண்ணிட்டேன். இப்பத்தான் டைமப் பாத்தேன்."

சுஹைப்தான். பதிவில் இருந்த கோபம் குரலில் இல்லை. பல நாள் தூங்காதவனின் குரல்.

"ஆஸ்பத்திரிலேர்ந்துதாங்க" என்றாள். "உங்க அத்தாதான் போடச் சொன்னாங்க."

"அத்தாவா?" என்றான். "எங்கிட்ட பேசறத நிறுத்தி நாலு வருஷமாச்சுங்க. என் நம்பரே அவங்ககிட்ட கிடையாது."

"அவங்களேதான் சொன்னாங்க. ஒரு நம்பர்கூடத் தடுமாறல. மருமகன் மருந்து வாங்கப் போயிருக்காரு, அவருக்குத் தெரிய வேணாம், வர்றதுக்குள்ள போட்டுத் தாங்கம்மான்னாங்க."

"என்ன சொல்லணும்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க. உங்க குரல மட்டும் கேட்டாப் போதும்னாங்க."

அவன் அழுதான். பெரிய ஆண்பிள்ளை ஒருவன் போனில் அப்படி அழுது அவள் கேட்டதில்லை. கடையில் யாரோ என்னவென்று கேட்பதும், அவன் ஒன்றுமில்லை என்பதும் காதில் விழுந்தது. நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு வந்த ஒரு பெண் இவளைப் பார்த்து நின்று, பிறகு விலகிப் போனாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்" என்றான் சுஹைப். "அந்த வார்டுல அப்படிப்பட்ட ஒருத்தியும் இருந்தா. உங்கள மாதிரி ஒருத்தரும் இருந்திருக்கீங்க. அத்தா கடைசியா கேட்டத நீங்கதான் செஞ்சிருக்கீங்க. உங்க பேரச் சொல்லுங்க. உங்களுக்காக நான் துஆ கேக்கணும்."

உடன் வேலை பார்க்கும் குந்தவையின் பெயர் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் முடிந்தது. அவன் நிம்மதியாகப் போனை வைப்பான். பெரியவரின் ஆசையும் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடியோ அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"சிஸ்டர்? பேருங்க?"

"எழில்மொழி" என்றாள்.

அழுகை சட்டென்று நின்றது.

சுஹைப் போனை வைக்கவில்லை.

அவளும் வைக்கவில்லை.